ஊராட்சி வேலை ஏன் இழுக்கிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அங்கன்வாடி கட்டடமோ, சிமென்ட் சாலையோ, மேல்நிலைத் தொட்டியோ, ஊராட்சி வேலை தாமதமானால் முதலில் திட்டு வாங்குவது ஒப்பந்ததாரர்தான். பல சமயம் அது நியாயமில்லை. கொத்தனார் வருவதற்கு முன்பே வேலை கோப்பில் படுத்துவிடுகிறது.

பெரிய தவறு, இடத்தைப் பார்க்காமல் தீர்மானம் போடுவது. "கோயிலுக்குப் பின்னால் காலி இடம் கிடக்கிறதே" என்று கிராம சபையில் ஒருவர் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். மதிப்பீடு தயாராகி, நிர்வாக அனுமதி வந்து, டெண்டரும் முடிந்து, அஸ்திவாரக் குழி தோண்ட ஆள் இறங்கும் அன்று பக்கத்து வீட்டுக்காரர் பட்டாவோடு வந்து நிற்பார். இல்லாவிட்டால் அது வாய்க்கால் புறம்போக்கு என்று தெரியவரும். நீர்நிலை என்று பதிவாகியிருந்தால் அங்கே கட்டடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் பதிவு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள். சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகு, புல எண்ணோடு தீர்மானம் எழுதுங்கள். இதற்குச் சில வாரம் ஆகலாம். பின்னால் வரும் தடையுத்தரவுக்கு இது எவ்வளவோ மேல்.

அடுத்தது, பக்கத்து ஊர் மதிப்பீட்டைப் பெயர் மாற்றி அனுப்புவது. செம்மண் பூமிக்குப் போட்ட அஸ்திவாரம் கரிசலுக்கு ஒத்துவராது. நடுவில் திருத்திய மதிப்பீடு கேட்டு மறுபடி அனுமதிக்கு அலைய வேண்டும். பழைய விலைப் பட்டியலில் போட்டிருந்தால் டெண்டருக்கு ஆளே வரமாட்டார்கள். சாலை நடுவே நிற்கும் மின்கம்பத்தையும் மறந்துவிடுகிறார்கள். அதை நகர்த்த மின்வாரியத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தத் தொகை மதிப்பீட்டில் இல்லை என்றால் யார் தருவது?

டெண்டரில் குறுக்குவழி தேடாதீர்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் டெண்டர் போட அவகாசம் தர வேண்டும். குறைப்பதென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். 15 நாளை மிச்சப்படுத்தப் போய்த் தணிக்கையில் மாட்டிக்கொள்வதில் என்ன லாபம்?

அப்புறம் நாட்காட்டி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. செப்டம்பர் கடைசியில் பணி ஆணை கொடுத்தால் தோண்டிய குழி குளமாகிவிடும். அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளில் வேலையைத் தேர்வு செய்து, மழைக்காலத்தில் சர்வே, மதிப்பீடு, அனுமதி எல்லாவற்றையும் முடித்தால் தை மாதம் வேலையைத் தொடங்கிவிடலாம். தேர்தல் அறிவிப்பு வந்தால் இன்னொரு சிக்கல்: பணி ஆணை கையில் இருந்தாலும், களத்தில் தொடங்காத வேலையை நடத்தை விதிகள் முடியும்வரை தொடங்கக் கூடாது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு அது மார்ச் 16 அன்றே அமலுக்கு வந்தது.

இத்தனை மாதத்தைக் கோப்பில் தொலைத்துவிட்டு, கான்கிரீட் போட்ட பிறகு அவசரப்படுவதுதான் வேடிக்கை. சிமென்ட் சாலையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டிய நாட்களில் திறப்பு விழாவுக்குத் தேதி குறிப்பார்கள். மூன்றாம் நாள் டிராக்டர் ஓடினால் அடுத்த வருடமே ஜல்லி பெயர்ந்து நிற்கும். தண்ணீர் நிறுத்தும் நாட்களை மட்டும் யார் சொன்னாலும் குறைக்காதீர்கள்.

செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தையும் கடைசிக்குத் தள்ளக் கூடாது. அஸ்திவாரத்தின் ஆழம், கட்டிய கம்பி இரண்டையும் மூடுவதற்கு முன் உதவிப் பொறியாளர் வந்து அளந்து பதிய வேண்டும்; அப்போதே புகைப்படமும் எடுத்துவிடுங்கள். மூடிய பிறகு கேள்வி வந்தால் பதிலுக்கு உடைத்துத்தான் பார்க்க வேண்டும், பில்லும் நிற்கும். சின்ன ஒப்பந்ததாரர்கள் முதல் பில் பணத்தில்தான் அடுத்த லோடு எம்-சாண்ட் இறக்குகிறார்கள். அது தாமதமானால் ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்; திரும்பக் கூப்பிட்டு வருவது லேசில்லை.