டி.என்.ஏ., புரதம், சடுதிமாற்றம்: எங்கெல்லாம் தவறுகிறோம்?

"டி.என்.ஏ. ஆர்.என்.ஏ.வாக மாறுகிறது, ஆர்.என்.ஏ. புரதமாக மாறுகிறது." விடைத்தாள்களில் அடிக்கடி தென்படும் வாக்கியம் இது. அம்புக்குறி போட்டே மனப்பாடம் செய்வதால் வரும் வினை. உண்மையில் எதுவும் எதுவாகவும் மாறுவதில்லை. படியெடுத்தலின்போது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி டி.என்.ஏ.வின் ஓர் இழையைப் படித்து, அதற்குப் பொருத்தமான நியூக்ளியோடைடுகளை, அதாவது மரபு 'எழுத்துகளை', கோத்துத் தூது ஆர்.என்.ஏ.வைப் புதிதாகக் கட்டுகிறது. நொதி கடந்து போனதும் டி.என்.ஏ. இழைகள் பழையபடி சேர்ந்துகொள்கின்றன. புரதம் கட்டப்படும் இடமான ரைபோசோமிலும் இதேதான். தூது ஆர்.என்.ஏ. படிக்கப்படுகிறது, கடத்து ஆர்.என்.ஏ.க்கள் அமினோ அமிலங்களைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஒரே தூது ஆர்.என்.ஏ.வைப் பல ரைபோசோம்கள் ஒரே நேரத்தில் படிப்பதும் உண்டு. எங்கே குழம்பினாலும், 'இங்கே படிக்கப்படுவது எது, கட்டப்படுவது எது?' என்று கேட்டுப் பாருங்கள். பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

இரட்டிப்பாதலையும் படியெடுத்தலையும் குழப்பிக்கொள்பவர்களுக்கும் இந்தக் கேள்வி உதவும். செல் பிரிவதற்கு முன் முழு டி.என்.ஏ.வும் ஒருமுறை படிக்கப்பட்டு இன்னொரு டி.என்.ஏ. கட்டப்பட்டால் அது இரட்டிப்பாதல். தேவைப்படும் மரபணு மட்டும், தேவைப்படும்போதெல்லாம் படிக்கப்பட்டு ஆர்.என்.ஏ. கட்டப்பட்டால் அது படியெடுத்தல்.

மதிப்பெண் அதிகம் பறிபோகும் இடம் திசைதான். டி.என்.ஏ. இழையின் ஒரு முனை 5 பிரைம், மறுமுனை 3 பிரைம். புதிய ஆர்.என்.ஏ. எப்போதும் 5 பிரைமிலிருந்து 3 பிரைம் நோக்கியே வளரும். வார்ப்புரு இழை, அதாவது நொதி படிக்கும் டி.என்.ஏ. இழை, எதிர்த்திசையில் படிக்கப்படும். வார்ப்புரு இழையை 5 பிரைமில் தொடங்கி 'சி-ஏ-டி' என்று கேள்வியில் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவசரக்காரர் இடமிருந்து வலமாக இணை (சி-க்கு ஜி, ஏ-வுக்கு யு, டி-க்கு ஏ) எழுதி 'ஜி-யு-ஏ' என்பார், கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதி) அட்டவணையில் தேடி வேலின் என்ற அமினோ அமிலம் என்று முடிப்பார். எழுத்துகள் சரி, ஆனால் திசை தலைகீழ். 5 பிரைமிலிருந்து பார்த்தால் அது 'ஏ-யு-ஜி': மெத்தியோனின், அதுவும் தொடக்கக் கோடான்! கேள்வியில் முனைகளைப் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள். வார்ப்புருவுக்கு இணையான மறு இழையை, அதாவது குறியீட்டு இழையைக் கொடுத்திருந்தால் இன்னும் சுலபம். தைமின் (டி) இருக்கும் இடத்தில் யுராசிலை (யு) போட்டால் தூது ஆர்.என்.ஏ. கிடைத்துவிடும். அதற்கும் இணை எழுதி வீணாக்குபவர்கள் நிறையப் பேர்.

கோடான் அட்டவணையில் டி.என்.ஏ. எழுத்துகளையோ எதிர்கோடானையோ (கோடானோடு இணையும் கடத்து ஆர்.என்.ஏ.வின் மூன்று எழுத்துகள்) வைத்துத் தேடுவது அடுத்த வழுக்கல். அந்த அட்டவணை பிறந்ததே தூது ஆர்.என்.ஏ.வை வைத்துத்தான். 1961-இல் மார்ஷல் நிரன்பர்க், ஹைன்ரிக் மத்தாய் என்ற ஆய்வாளர்கள் யுராசிலை மட்டும் அடுக்கிய செயற்கை ஆர்.என்.ஏ.வைச் செல்சாற்றில் சேர்த்தபோது, பீனைல்அலனைன் மட்டுமே கொண்ட சங்கிலி உருவானது. 'யு-யு-யு' என்றால் பீனைல்அலனைன் என்று அப்படித்தான் தெரிந்தது. 64 கோடான்களில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும், மீதி 3 நிறுத்தக் கோடான்கள். அமினோ அமிலங்களோ 20 மட்டும். ஆகவே ஒரே அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் இருக்கலாம்; ஒரு கோடானுக்கு இரண்டு அர்த்தம் இருக்காது (மைட்டோகாண்ட்ரியாவில் சில கோடான்களுக்கு அர்த்தமே வேறு, ஆனால் அடிப்படைப் பாடத்தில் அது தொந்தரவு செய்யாது).

அப்புறம், ஒரு மரபணு என்றால் ஒரே ஒரு புரதம் என்ற பழைய சூத்திரம். மனித மரபணுத்தொகுதியில் சுமார் 300 கோடி கார இணைகள் (எழுத்து ஜோடிகள்) உண்டு. புரதத்துக்கான மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. படியெடுத்த ஆர்.என்.ஏ.விலிருந்து இன்ட்ரான்கள் (நீக்கப்படும் பகுதிகள்) வெட்டப்பட்டு எக்ஸான்கள் (மிஞ்சும் பகுதிகள்) ஒட்டப்படும்போது, ஒட்டும் விதத்தைப் பொறுத்து ஒரே மரபணுவிலிருந்து பல புரதங்கள் வரலாம். நரம்புச் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ.தான், படிக்கப்படும் பக்கங்கள்தான் வேறு.

சரி, சடுதிமாற்றத்துக்கு, அதாவது டி.என்.ஏ. எழுத்துகளில் நிலைத்துவிடும் மாற்றத்துக்கு வருவோம். சடுதிமாற்றம் என்றாலே கேடு என்று எழுதுபவர்கள், ஜி-ஏ-ஜி என்ற ஒரே ஒரு கோடானைப் பார்த்தால் போதும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6-ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்தைக் கொடுப்பது இதுதான். கடைசி எழுத்து மாறி ஜி-ஏ-ஏ ஆனால் அப்போதும் குளூட்டாமிக் அமிலமே வரும். நடு எழுத்து மாறி ஜி-யு-ஜி ஆனால் வேலின். கதிர் அரிவாள் இரத்தசோகையின் காரணம் இதுவே. முதல் எழுத்து 'ஏ' ஆனால் லைசின் வரும், ஹீமோகுளோபின் சி என்ற வேறு வகை உண்டாகும். அதே முதல் எழுத்து 'யு' ஆகிவிட்டால் யு-ஏ-ஜி, நிறுத்தக் கோடான்; சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். ஒரு எழுத்து, நான்கு விதமான முடிவு. இதிலும் சூழலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கதிர் அரிவாள் மாற்றத்தைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது.

எழுத்து விடுபட்டாலே சட்டகம் (மும்மூன்றாகப் பிரித்துப் படிக்கும் வரிசை) நகர்ந்துவிடும் என்பதும் முழுச் சரியல்ல. 'அவன் மகள் பழம்' என்பதை மும்மூன்றாகப் படிக்கும்போது 'வ' மட்டும் போனால் 'அன்ம கள்ப ழம்' என்று எல்லாம் குலையும். ஆனால் 'மகள்' முழுதாகப் போனால் மீதி அப்படியே நிற்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் மிகப் பரவலான மாற்றம் இந்த இரண்டாவது வகை: 3 எழுத்துகள் விடுபட்டு, 508-ஆம் இடத்துப் பீனைல்அலனைன் மட்டும் காணாமல் போகிறது. சட்டகம் நகரவில்லை, நோய் மட்டும் வருகிறது. எனவே எண்ணிக்கை 3-இன் மடங்கா என்று முதலில் பாருங்கள், பிறகு விளைவைப் பேசுங்கள்.

'மருந்தை எதிர்க்க வேண்டும் என்பதற்காகப் பாக்டீரியா சடுதிமாற்றம் அடைந்தது' என்ற வாக்கியத்தை அடித்துவிடலாம். 1943-இல் லூரியா, டெல்புரூக் என்ற ஆய்வாளர்கள் தனித்தனிக் குடுவைகளில் பாக்டீரியாக்களை வளர்த்து, பிறகு வைரஸுக்கு உட்படுத்தினார்கள். தப்பிப் பிழைத்தவற்றின் எண்ணிக்கை குடுவைக்குக் குடுவை பெரிதும் வேறுபட்டது. சில குடுவைகளில், வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே, அதை எதிர்க்கும் மாற்றம் தற்செயலாக நேர்ந்து பெருகியிருந்ததுதான் காரணம். மருந்து விஷயத்திலும் இதேதான்: மருந்து மாற்றத்தை வரவழைப்பதில்லை. ஏற்கெனவே மாறியிருப்பவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொல்கிறது.

சேதத்தையும் சடுதிமாற்றத்தையும் ஒன்றாக எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டு அடுத்தடுத்த இரண்டு தைமின்கள் ஒட்டிக்கொள்வது சேதம். பெரும்பாலும் நொதிகள் அதை வெட்டிச் சரிசெய்துவிடும். சரிசெய்யும் முன்பே இரட்டிப்பாதல் நடந்து, புதிய இழையில் தவறான எழுத்து நிலைத்துவிட்டால்தான் அது சடுதிமாற்றம். அப்போதும் அது தோல் செல்லில் நடந்திருந்தால் அந்தச் செல்லின் வழிவந்தவற்றோடு முடிந்துவிடும், புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம், ஆனால் பிள்ளைகளுக்குப் போகாது. பிள்ளைகளுக்குப் போவது கருமுட்டை, விந்தணு வழியே வரும் மாற்றங்கள் மட்டுமே.