ஸ்பீட்ரன் ரெக்கோட் ஒண்டின்ட வரலாற வீடியோவா செய்யுறது எப்பிடி

ஸ்பீட்ரன் எண்டா ஒரு கேம ஏலுமான வரைக்கும் வேகமா ஓடி முடிக்கிறது. முதல்ல என்ட முதல் வீடியோ எப்பிடி நாசமாப் போச்சு எண்டத சொல்லிப்போட்டுத் தொடங்குறன். சூப்பர் மாரியோ ப்ரோஸ் ரெக்கோட் வரலாறு எண்டு ஒண்டு செஞ்சன், ஸ்கிரீன்ல ஒரு டேபிள், திகதி, பேர், நேரம், திரும்ப திகதி, பேர், நேரம், பின்னால ஒரு மியூசிக், மொத்தம் பதினொரு நிமிசம். தங்கச்சி ரெண்டு நிமிசம் பாத்திட்டு "அண்ணா இது ஓ எல் ரிசல்ட் வாசிக்கிற மாதிரி இருக்கு" எண்டிட்டு எழும்பிப் போய்ட்டாள். அவள் சொன்னது சரி. ஆரு எப்ப எத்தன செக்கன்ல முடிச்சான் எண்டது லீடர்போர்ட்லயே இருக்கு, அதுக்கு வீடியோ தேவையில்ல. இந்த நேரம் ஏன் இத்தன வருசமா குறையாம நிண்டது, பிறகு என்ன நடந்து குறைஞ்சது, அதத்தான் சனம் பாக்க வாறது.

கேம் தெரிவு செய்யக்குள்ள நீங்க கையில வச்சு விளையாடின கேமாப் பாத்து எடுங்க, இல்லாட்டி எந்த இடம் கஷ்டம் எண்டது உங்களுக்கே விளங்காது. அதிலயும் ஒரு கேட்டகரி மட்டும். மாரியோவில எனி பேர்சென்ட், அதாவது எந்த வழியிலயாவது கேம முடிச்சாப் போதும் எண்ட கேட்டகரி எண்டா 1-1 (முதலாம் உலகத்தின்ட முதல் லெவல்), 1-2, அதில வார்ப் பண்ணி, அதாவது இடையில உள்ள லெவல்களத் தாண்டிக் குதிச்சு 4-1, 4-2, திரும்ப வார்ப், பிறகு 8-1 தொடக்கம் 8-4 வரைக்கும், மொத்தம் எட்டு லெவல். வார்ப் இல்லாம ஓடுறது வேற கதை, ரெண்டையும் ஒரே வீடியோவில கலந்தீங்க எண்டா பாக்கிறவன் குழம்பிப்போவான். இன்னொண்டு, சின்னனில மஞ்சள் கசட் போட்டு விளையாடின ஆக்கள் "நானும் அஞ்சு நிமிசத்தில முடிச்சனான்" எண்டு கொமென்ட்ல வருவாங்க. எங்கட பக்கத்து டிவி பால் (PAL) முறை, செக்கனுக்கு 50 படம், ரெக்கோட் பிடிக்கிற என்டிஎஸ்சி (NTSC, அமெரிக்கா ஜப்பான் டிவி முறை) நிண்டென்டோ கிட்டத்தட்ட 60. ரெண்டும் ஒரே கணக்கில வராது. இத வீடியோவில ஒரு வரி சொல்லிட்டா தப்பிச்சீங்க.

இனி தரவு சேக்கிறது, இதுதான் மாசக்கணக்கா இழுக்கும். ஸ்பீட்ரன் டொட் கொம்ல தொடங்குங்க, ஆனா அந்த சைட் வந்தது 2014ல, அதுக்கு முந்தின ஓட்டங்கள் கனக்க வேற இடத்திலதான் பிறந்தது. ஸ்பீட் டெமோஸ் ஆர்கைவ், ட்வின் கலக்சீஸ், பழைய யூடியூப் அக்கவுண்ட்கள் எண்டு தேடித் திரியணும். பக்கம் செத்துப்போயிருந்தா வேபேக் மெசின்ல அந்த முகவரியப் போட்டுப் பாருங்க, பழைய ரெக்கோட் லிஸ்ட் அப்பிடியே கிடைக்கும். ஜஸ்டின் டீவி 2014 ஓகஸ்ட்ல மூடினது, அதில இருந்த லைவ்கள் அதோட போச்சு. ட்விச்லயும் 2025 ஏப்ரல்ல இருந்து ஹைலைட்டும் அப்லோடும் சேத்து ஒராளுக்கு 100 மணித்தியாலம்தான், மிச்சம் அழியும். அதால ஒரு ஓட்டத்தக் கண்டா உடன லிங்கையும் திகதியையும் எழுதி வைங்க, "நாளைக்குப் பாப்பம்" எண்டு விட்டு நான் ரெண்டு வீடியோவ இழந்தனான்.

எழுதுறது ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல. திகதி, ரன்னர், நேரம், டைமர் எங்க தொடங்கி எங்க முடியுது, லிங்க், கடைசி கொலம் "என்ன மாறினது". அந்தக் கடைசிக் கொலம் வெறுமையா இருந்தா அந்த ரெக்கோட் வீடியோவுக்கு வேண்டாம், அரை வசனத்தில தாண்டிப் போகலாம். நேரத்த சும்மா நம்பாதீங்க, யூடியூப்ல பாஸ் பண்ணிட்டு காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இருக்கிற கீய அமத்தினா ஒவ்வொரு ஃப்ரேமா (ஒவ்வொரு படமா) நகரும், எண்ணிப் பாருங்க. ஆனா யூடியூப் 60 ஃப்ரேம் குடுக்கத் தொடங்கினது 2014 கடைசியில, அதுக்கு முந்தி ஏத்தினது எல்லாம் 30தான், அப்ப பழைய வீடியோவ எண்ணி "மூண்டு தசமத்துக்குத் துல்லியம்" எண்டு நீங்க சொல்ல ஏலாது. அப்பிடியான இடத்தில 4:58 எண்டு முழுச் செக்கனோட நிப்பாட்டுங்க.

பெரிய ஆள் சொன்னார், புத்தகத்தில இருக்கு எண்டதும் சாட்சி இல்ல. அட்டாரி 2600ல டிராக்ஸ்டர் எண்டு ஒரு கார் ஓட்டுற கேம், 1980ல வந்தது. டொட் ரோஜர்ஸ் 1982ல அத 5.51 செக்கன்ல முடிச்சதா முப்பத்தஞ்சு வருசமா நிண்டது, கின்னஸ்லயும் இருந்தது. எரிக் கோசியல் எண்ட ஸ்பீட்ரன்னர் கேமின்ட கோடையே பிரிச்சுப் பாத்து 5.57க்குக் கீழ போகவே ஏலாது எண்டு காட்டினார், ஸ்கோர்களப் பதிஞ்சு வைக்கிற ட்வின் கலக்சீஸ் 2018 ஜனவரில ரோஜர்ஸின்ட ஸ்கோர் எல்லாத்தையும் தூக்கினது. மைன்கிராஃப்ட்ல ட்ரீம் எண்ட யூடியூபரின்ட கதை இன்னும் வடிவு, வீடியோவில பிழை ஒண்டும் இல்ல, கணக்கிலதான் பிடிபட்டவர். பன்றிக்கு தங்கம் குடுத்து மாத்தக்குள்ள எண்டர் பேர்ள் (கேம முடிக்கத் தேவையான சாமான்) வாற வாய்ப்பு நூறுக்கு அஞ்சு கூட இல்ல, 262 தரத்துக்கு 12 போல வரணும், அவருக்கு வந்தது 42. மொடரேட்டர்கள் 2020 டிசம்பர்ல அந்த ஓட்டத்த நிராகரிச்சாங்க, தன்ட கேம்ல மோட் ஒண்டு (கேம மாத்துற சேர்க்கை) ஓடினது எண்டு அவரே 2021 மே மாசம் சொன்னார். உங்கட கேம்லயும் இப்பிடி ஒண்டு இருக்கலாம், இருந்தா மறைக்காதீங்க, ஆனா தீர்ப்பு சொல்லுறது உங்கட வேலையில்ல, ஆரு எப்ப எந்தக் காரணத்தில தூக்கினாங்க எண்டத மட்டும் சொல்லுங்க.

இப்ப கதை. கதை எண்டா நான் சுவர் எண்டு சொல்லுறன், எல்லாரும் வந்து முட்டிக்கொண்டு நிக்கிற நேரம். கோல்டன்ஐ எண்ட துப்பாக்கிக் கேம்ல டேம் லெவல், ஏஜென்ட் எண்ட லேசான தரத்தில, 53 செக்கன் 2002ல வந்தது, 52 வந்தது 2017 டிசம்பர்ல, கார்ல் ஜோப்ஸ்ட் அடிச்சது. ஒரு செக்கனுக்கு 15 வருசம். மாரியோவில பாருங்க, 4:58 ஆண்ட்ரூ கார்டிகிஸ் 2011ல, 4:57 ப்ளப்ளர் 2014ல, 4:56 டார்பியன் 2016ல, 4:55 வந்தது 2018ல, 4:54 நிஃப்ட்ஸ்கி 2021 ஏப்ரல்ல. நாலு செக்கன் குறைய பத்து வருசம். இது ஏன் எண்டத விளங்கப்படுத்தாம அடுத்த படிக்குப் போகவே கூடாது.

விளங்கப்படுத்த உங்கட ஊரில ஒரு சாமானத் தேடுங்க. எனக்குக் கிடைச்சது கிண்ணியா பாதை, ரோட்டு இல்ல, ஆளையும் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு ஆத்தக் கடக்கிற மிதவை. 2009ல பாலம் திறக்க முந்தி பாதையிலதான் ஆத்தக் கடக்கிறது, அப்பா கதை கதையாச் சொல்லுவார், வேர்த்து விறுவிறுத்து சைக்கிள் மிதிச்சு கரைக்கு வந்தா பாதை இப்பத்தான் வெளிக்கிட்டிருக்கும், இனி அடுத்ததுதான். ஆறுதலா வாற பக்கத்து வீட்டு மாமாவும் அதே பாதையிலதான் ஏறுவார், ரெண்டு பேரும் அங்கால ஒண்டாத்தான் இறங்குவாங்க. மாரியோவும் அப்பிடித்தான், லெவல் முடிஞ்சு அடுத்த லெவலுக்கு கேம் போறது 21 ஃப்ரேமுக்கு ஒருக்காத்தான், 0.35 செக்கன். நீங்க 1-1அ பத்து ஃப்ரேம் வேகமா முடிச்சாலும் முந்தின பாதையப் பிடிக்கேலாட்டி ஒரு பிரயோசனமும் இல்ல. முந்தின பாதையப் பிடிச்சா ஒரேயடியா 0.35 லாபம். இதத்தான் ஃப்ரேம்ரூல் எண்டுறாங்க. கடைசி 8-4ல மட்டும் பாதை இல்ல, கோடரியத் தொட்டா முடிஞ்சுது, அங்க ஒவ்வொரு ஃப்ரேமும் கணக்கு. இத ஒரு நிமிசத்தில சொல்லி முடிச்சிட்டா, பிறகு "கொடிக்கம்ப கிளிச்சால 1-1ல ஒரு ஃப்ரேம்ரூல் மிச்சம்" எண்டு நீங்க சொல்லக்குள்ளயே பாக்கிறவன் கதிரை நுனிக்கு வந்திருவான். கிளிச் எண்டா கேமின்ட கோட்ல இருக்கிற பிழை. அந்த கிளிச் இல்லாம ஓடினதையும் அதோட ஓடினதையும் பக்கத்தில பக்கத்தில வச்சு, ஒண்டு கொடியில வழுக்கி இறங்க மற்றது இறங்காம நேர போறதக் காட்டுங்க, அந்த நேரம் வாயத் திறக்காதீங்க.

கிளிச் ஒண்ட விளங்கப்படுத்த எவ்வளவு ஆழம் போகணும் எண்டதுக்கு 4-2 நல்ல உதாரணம். முறையான வழி எண்டா மறைஞ்ச செடிக்கொடியில ஏறி வார்ப் இடத்துக்குப் போகணும், அந்த ஏறுறதுக்கே நேரம் போகும். ரன்னர்மார் ஏறுறதில்ல, பக்கத்துக் குழாய்க்குள்ள இறங்குவாங்க, இறங்கினா காசு இருக்கிற அறைக்கு வரணும், ஆனா வார்ப் இடத்துக்கு வருவாங்க. காரணம், குழாய் எங்க போகும் எண்டத கேம் முடிவெடுக்கிறது மாரியோ நிக்கிற இடத்த வச்சு இல்ல, ஸ்கிரீன் எவ்வளவு தூரம் நகந்திருக்கு எண்டத வச்சு. கட்டையில முட்டி மாரியோவ ஸ்கிரீன்ல வழமைய விட வலப்பக்கம் தள்ளி வச்சா, அவன் குழாய்க்கு வந்திருவான், ஸ்கிரீன் இன்னும் வந்திருக்காது, கேம் பழைய முகவரிக்கே, அதாவது செடிக்கொடி போற வார்ப் இடத்துக்கே அனுப்பும். நான் ஸ்கிரீன் நடுவில ஒரு சிவப்புக் கோடு போட்டு மாரியோ அதுக்கு எவ்வளவு வலப்பக்கம் நிக்கிறான் எண்டு காட்டினன், எட்டுத் தரம் ஸ்கிரிப்ட் மாத்தியும் சொல்லேலாதத அந்த ஒரு கோடு சொல்லிட்டுது.

கிராஃப் போடக்குள்ள சாய்ஞ்ச கோடு போடாதீங்க, படிக்கட்டு மாதிரிப் போடுங்க. ரெக்கோட் மெதுவா இறங்குறதில்ல, அசையாம கிடந்து கிடந்து திடீரெண்டு விழும். கீழ் அச்சு திகதி, பக்க அச்சு நேரம், பூச்சியத்தில இருந்து தொடங்கினா எல்லாம் ஒரே கோடாத் தெரியும், அஞ்சு நிமிசத்துக்குக் கிட்ட இருக்கிற துண்ட மட்டும் வெட்டிக் காட்டுங்க.

ஸ்கிரிப்ட் கதைக்கிற தமிழ்ல எழுதுங்க. கிளிச்சுக்கு தமிழ்ச்சொல் தேடி ஒரு பின்னேரம் வீணாக்கினனான், வேண்டாம், விளையாடுற ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறதில்ல. எண்கள வாய்விட்டு வாசிச்சுப் பாருங்க. "நாலு நிமிசம் ஐம்பத்திநாலு தசம் ஒன்பது நாலு எட்டு செக்கன்" எண்டு ஒருக்கா சொல்லலாம், மூண்டாந்தரம் கேக்கிறவன் ஓடிருவான், "நாலு ஐம்பத்திநாலு" போதும், மிச்சத்த ஸ்கிரீன்ல போடுங்க.

குரல் பதியிறதுதான் எங்கட ஊரில பெரிய கரைச்சல். ஆடி மாசம் கச்சான் காத்து அடிக்கக்குள்ள ஜன்னல பூட்டினாலும் மைக்ல உறுமும், பூட்டினா உள்ளுக்கு அவிஞ்சு போவீங்க. நான் அல்மாரியத் திறந்து வச்சு அதுக்குள்ள தலைய விட்டு போர்வையப் போத்துக்கொண்டு ராவு பதினொரு மணிக்குப் பிறகு பதியிறனான். பின்னேரம் பதிஞ்ச ஒரு முழு டேக்கும் பாண்காரராலதான் போச்சு, ஓட்டோவில பீத்தோவன் மெட்டப் போட்டுக்கொண்டு வந்து ஒழுங்கை முகப்பில நிப்பாட்டிட்டார், அம்மா வேற வாசல்ல நிண்டு ரெண்டு றாத்தல் எண்டு கத்துறா. பீத்தோவன் செத்தது 1827ல, எங்கட ஒழுங்கைக்கு இன்னும் ஒவ்வொரு நாளும் வாறார்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசோல்வ், லப்டொப் பாவம் எண்டா ஷொட்கட், ரெண்டும் இலவசம். பழைய நிண்டென்டோ படம் 256க்கு 240, நாலு மடங்காக்கினா 1024க்கு 960, முழு மடங்காப் பெருப்பிச்சாத்தான் கட்டம் கட்டமா வடிவா நிக்கும், இழுத்து முழு ஸ்கிரீனுக்கும் போட்டா மங்கிரும். போன்ல பதிஞ்ச துண்டுகள ஹேண்ட்பிரேக்ல போட்டு ஒரே ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்துங்க, இல்லாட்டி பத்தாவது நிமிசத்தில சத்தம் ஒரு பக்கம் படம் ஒரு பக்கம்.

ரன்னர்மாரிட்ட கேட்டுப் போடுங்க, உடைஞ்ச இங்கிலீசில ரெண்டு வரி எழுதினாலே கனபேர் சந்தோசமா ஓம் எண்டுவாங்க, சில ஆக்கள் எங்கயும் ஏத்தாத பழைய ஃபைலயும் தருவாங்க. வேற ஆள் செஞ்ச வரலாற்று வீடியோவில இருந்து திகதி எடுக்கலாம், வசனமும் கிராஃபும் எடுக்கக்கூடாது. மியூசிக் யூடியூப் ஓடியோ லைப்ரரில எடுத்தா தலையிடி இல்ல.

ஏத்த முந்தி ஒரு வேலை. நான் மாரியோ வீடியோவ ரெண்டாந்தரம் செஞ்சு முடிச்சு, நைட் டேட்டாவில ஏறட்டும் எண்டு விட்டிட்டுப் படுத்தன், அது 2023 செப்டெம்பர். அந்தக் கிழமையே நிஃப்ட்ஸ்கி 4:54.631 போட்டிட்டார். வீடியோவில நான் "இண்டைய உலக ரெக்கோட்" எண்டு கம்பீரமாச் சொல்லுறன், கீழ முதல் கொமென்ட்டே "அண்ணா பழைய நியூஸ்". யூடியூப்ல ஏத்தினத மாத்திப் போடேலாது. இப்ப கடைசித் துண்டில நேரத்த வாயால சொல்லுறதில்ல, ஸ்கிரீன்ல மட்டும், பக்கத்தில "எடிட் முடிச்ச திகதி" எண்டு சின்ன எழுத்தில, புது ரெக்கோட் வந்தா கொமென்ட்ல பின் பண்ணிட்டுப் போய் பிளேன் டீ குடிக்கிறது.