வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊரில் ஆப்ரிகாட் வளர்ப்பது எப்படி?

தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பகுதி வீட்டுத் தோட்டங்களில், உலர்பழக் கடையில் வாங்கிய ஆப்ரிகாட்டின் கொட்டையை மண்ணில் ஊன்றிவிட்டு, எப்போது காய்க்கும் என்று காத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், புதிதாகத் தொடங்குவோருக்காகவும் இந்தச் செய்முறையை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நம் பள்ளத்தாக்கில் இந்த மரம் வளரும், ஆனால் காய்ப்பதை எதிர்பார்க்க முடியாது. காய்க்க வேண்டுமானால் மலையேற வேண்டும்.

ஆப்ரிகாட் இலையுதிர் மரம். குளிர்காலத்தில் உறங்கும் அதன் மொட்டுகள், சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரைப் போதிய மணி நேரம் பெற்ற பிறகுதான் ஒழுங்காக விழித்துப் பூக்கும். லடாக், காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம் போன்ற குளிர்ப் பகுதிகளின் ரகங்கள் பலவற்றுக்கு இந்தக் குளிர் 600 மணி நேரத்துக்கு மேல் தேவைப்படுகிறது. குறைந்த குளிருக்கு ஏற்றதென்று பெயர் பெற்ற கோல்டு கிஸ்ட் ரகத்துக்கே ஏறத்தாழ 300 மணி நேரம் வேண்டும். கம்பத்தில் மார்கழி இரவுகூட அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. பன்னீர் திராட்சையைக் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, ஆண்டுக்குப் பலமுறை காய்க்க வைக்கும் நம் விவசாயிகள், அதே கவாத்து இதற்கும் பலிக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் வெப்ப மண்டலத்தில் திராட்சைக் கொடி குளிருக்காகக் காத்திருப்பதில்லை. ஆப்ரிகாட்டை வெட்டினால் இலைத்தளிர் மட்டும் வரும், குளிர் கிடைக்காத பூமொட்டுகள் விரியாமலே உதிர்ந்துவிடும்.

ஆகவே முதல் படி, இடத்தைத் தேர்வு செய்வது. இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை, காந்தளூர் ஆகிய ஊர்கள் சுமார் 1,500 மீட்டரிலும் அதற்கு மேலும் அமைந்திருக்கின்றன. அங்கே நம்மவர்கள் மலைப்பூண்டோடு பிளம்ஸ், பீச், ஆப்பிள் ஆகியவற்றையும் வளர்க்கிறார்கள். உயரத்தைப் போலவே மழை பெய்யும் காலத்தையும் பார்க்க வேண்டும். மாசி, பங்குனியில் பூக்கும் மரத்தில் வைகாசி, ஆனி வாக்கில் பழம் முற்றும். அந்த நேரத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் சரிவில் பழம் வெடித்து, பூஞ்சை பிடித்து, மரத்திலேயே அழுகும். மலையின் மழை மறைவுப் பக்கமே இதற்குப் பொருத்தம். பள்ளத்தாக்கில்தான் வைப்பேன் என்பவர்கள், பழத்தை எதிர்பார்க்காமல், இலையழகுள்ள மரமாக வளர்க்கட்டும்.

அடுத்தது விதை. வெயிலில் உலர்த்திய, கொட்டையோடு கூடிய பழமாகப் பார்த்து வாங்குங்கள். அதிக வெப்பத்தில் உலர்த்தியது முளைக்காது. கொட்டையை அதன் விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடித்து, சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் ஓடு இரண்டாகப் பிளக்கும். உள்ளே தோல் கிழியாமல், பழுப்பாக, சுருங்காமல் இருக்கும் பருப்புகளை மட்டும் எடுத்து, ஓர் இரவு நீரில் ஊற வையுங்கள். பிறகு, பிடித்தால் கையில் ஈரம் தெரியும், பிழிந்தால் நீர் சொட்டாது என்ற பதத்தில் நனைத்த தேங்காய் நார்க்கழிவில் புதைத்து, டப்பாவில் மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 45 முதல் 60 நாள் வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து, பூஞ்சை பிடித்தவற்றை அகற்றுங்கள். வெள்ளை வேர் நுனி தென்பட்டதும் தொட்டிக்கு மாற்றலாம். கசப்பான பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால், வாதுமை என்று நினைத்துக் குழந்தைகள் தின்றுவிடாமல் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதைக்கன்று தாய்மரத்தைப் போல் இருப்பதில்லை. காய்க்க ஐந்தாண்டுக்கு மேலும் ஆகலாம். மலைநிலம் உள்ளவர்கள் குறைந்த குளிர் ரகத்தின் ஒட்டுக்கன்றைத் தேடி நடுவதே நல்லது.

நடவில்தான் பெரும்பாலான மரங்கள் சாகின்றன. வேரடியில் ஈரம் தேங்குவதை ஆப்ரிகாட் தாங்காது; நம் மழைக்காலத்தில் ஆழக் குழி வெட்டி நட்டால் அதுவே நீர் நிற்கும் தொட்டியாகிவிடும். ஆகையால் குழிக்குப் பதிலாக, தோட்ட மண்ணோடு மணலும் நன்கு மட்கிய எருவும் கலந்து, ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். ஒட்டுக்கன்றானால், ஒட்டுக் கட்டிய பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். மரத்துக்கு மரம் 6 மீட்டர் விடுவது போதும். மண்ணை மூடப் போடும் சருகு, வைக்கோல் மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, வெயில் படும் இளந்தண்டுக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டால் பட்டை வெடிக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நீரை வெகுவாகக் குறைத்து மரத்தை உறக்கத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படியும் இலை உதிராமல் நின்றால், முற்றிய இலைகளைக் கையால் உருவிவிடலாம். இது குளிருக்கு மாற்றாகாது. கிடைக்கும் குளிரை மரம் பயன்படுத்திக்கொள்ள உதவும், அவ்வளவே. கவாத்தை, மழையே இல்லாத நாள்களில் மட்டும் அளவாகச் செய்யுங்கள். ஈரத்தில் வெட்டிய காயத்தின் வழியே பூஞ்சை புகுந்து கிளையையே கருக்கிவிடும். தண்டில் பிசின் வடிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட காயத்தின் அல்லது வேர் ஈரத்தின் அடையாளம்.

இலையற்ற அந்த நாள்களில், மொட்டு பருக்கும் முன், பூஞ்சையைத் தடுக்கும் ஒரு சதவீத போர்டோ கலவையை ஒருமுறை தெளியுங்கள். 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை மற்றொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் பாத்திரங்களில் கரைத்து வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். துருவைத் தேய்த்து நீக்கிய சாதாரண இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுக்கும்போது செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள், படியாதவரை சேர்த்துக்கொள்ளுங்கள். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். இலை இருக்கும்போது தெளித்தால் கருகும்.

காய் பிடித்தால், பிஞ்சு சுண்டுவிரல் நுனியளவு ஆனதும், நான்கு விரற்கடைக்கு ஒன்றாக விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். பச்சை முழுவதும் மாறி மஞ்சள் ஏறியதும், மழை தொடங்கும் முன்பே, காம்புப் பக்கம் அழுத்தாமல் திருகிப் பறித்து, ஒரே அடுக்காகப் பரப்பி வையுங்கள்.