சாரல் காலத்தில் ரொட்டியும் சளியும்

செங்கோட்டையில் ஆனி பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும். துணி காயாது. வாங்கி வைத்த ரொட்டியில் இரண்டு மூன்று நாளிலேயே பச்சைப் புள்ளி விழும். பலர் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நாம் பார்க்கும் பச்சைப் பொடி பூஞ்சையின் வித்துகள்தான். அதன் உடம்பு மெல்லிய நூலிழைகளாக ரொட்டிக்குள்ளே ஓடியிருக்கும். புள்ளியின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பஞ்சு பிரித்தது மாதிரி வெள்ளையாகத் தெரியும். பூசணம் பிடித்த நிலக்கடலை, கொப்பரையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. முழுசாகத் தூக்கிப் போடுவதே சரி.

அப்புறம், இதே மழையில் வரும் சளிக்கு நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். சாதாரணச் சளி வைரஸால் வருவது. பாக்டீரியா உட்கரு இல்லாத ஒற்றைச் செல். பெரும்பாலும் அதைச் சுற்றிச் சுவர் உண்டு. பெனிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். வைரஸோ செல்லே அல்ல, புரத உறைக்குள் கொஞ்சம் மரபுப்பொருள், அவ்வளவுதான். 1969-ல் விட்டேக்கர் என்ற உயிரியலாளர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்த வகைப்பாட்டில் பூஞ்சைக்குத் தனி உலகமே உண்டு, வைரஸுக்கு இடமில்லை. சுவரே இல்லாததிடம் பெனிசிலின் என்ன செய்யும்?

ஃப்ளூ, கொரோனா வைரஸ்களுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் குலைத்துவிடும். கையை 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள்.