தீயணைப்புக் கோட்டோடு பயிற்சி: உடல் சூட்டை இறக்கிய விதம்

தடித்த கோட்டு, பேன்ட், முதுகில் காற்று சிலிண்டரோடு படியேறினால் வியர்வை கொட்டும். கோட்டின் ஈரத்தடுப்பு அடுக்கு அதில் பெரும்பகுதியை ஆவியாக விடாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. உட்கார்ந்த பிறகும் உள்வெப்பம் சில நிமிடம் ஏறும்! கோட்டைத் திறந்துவிட்டு மின்விசிறி முன் நின்றது போதவில்லை.

பலன் தந்தது தண்ணீர்த் தொட்டிதான். ஹெல்மெட், தலையுறை, கையுறை, கோட்டு எல்லாம் கழற்றி, பேன்ட்டை பூட்ஸ்வரை இறக்கி, நிழலில் உட்கார்ந்து, முழங்கைவரை இரு கைகளையும் 15–20 டிகிரி தண்ணீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும். விரல்கள் மட்டும் நனைந்தால் பயனில்லை. தண்ணீர் வெதுவெதுப்பானால் மாற்றுங்கள்.

பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ அதை வெப்பத்தாக்காகவே (ஹீட் ஸ்ட்ரோக்) எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். தலையைத் தாங்கிப் பிடிக்க ஒருவர் கூடவே இருக்கட்டும்.