புதையல் தீவைப் படித்துவிட்டுப் படத்தையும் பார்ப்பது எப்படி

"புத்தகம் நல்லா இருந்துச்சா, படம் நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் பிள்ளைகளிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் "புத்தகம்தான் சார்" என்று கோரஸாகச் சொல்வார்கள், ஏனென்றால் நமக்கு அந்தப் பதில்தான் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பாம்பனில் சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைத்துக் கதைப் புத்தகம் படிக்கிறேன், அப்படித்தான் முதல் தடவை கேட்டு மாட்டிக்கொண்டேன். அதோடு பேச்சு முடிந்தது. எல்லோரும் எழுந்து சுண்டலுக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் மெல்ல மெல்லத்தான் ஒரு வழி பிடிபட்டது. வீட்டிலோ பள்ளியிலோ இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கதை என்பது. எங்கள் பிள்ளைகள் கடற்கரைப் பிள்ளைகள், அதனால் நான் எடுத்தது ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு'. 1881 அக்டோபரிலிருந்து சிறுவர் வார இதழில் தொடராக வந்து, 1883இல் புத்தகமான கதை. படம், டிஸ்னி 1950இல் எடுத்தது. கார்ட்டூனே கலக்காமல் முழுக்க நடிகர்களை வைத்து அந்த நிறுவனம் எடுத்த முதல் படம் அது. உங்கள் ஊர் மலையடிவாரம் என்றால் வேறு கதை எடுங்கள், தப்பில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒன்று கதைக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் படம் எடுத்தவரைப் பார்த்து "இது தப்பு" என்று சொல்ல அவர்களுக்குத் துணிச்சல் வரும்.

புத்தகம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை, இதில் நானே விழுந்தேன். தமிழில் கிடைப்பவற்றில் சுருக்கப் பதிப்புகளும் உண்டு. நான் முதலில் வைத்திருந்தது அப்படி ஒன்று, நூறு பக்கம்கூட இருக்காது. அதில் கதை முழுவதையும் ஜிம் என்ற பையனே சொல்லிக்கொண்டு போவான். மூலத்தில் அப்படி இல்லை. மொத்தம் 34 அத்தியாயம், அதில் 16, 17, 18 மூன்றும் ஜிம்மோடு கப்பலில் வந்த டாக்டர் லிவ்ஸி சொல்வது. காரணம் எளிது: ஜிம் அப்போது தனியாகத் தீவுக்குள் ஓடிவிட்டான், கப்பலை விட்டு மற்றவர்கள் கரைக்கு வந்ததை அவன் பார்க்கவில்லை, பார்த்தவர்தான் சொல்ல முடியும். இதை நான் கவனிக்காமல் 'ஜிம் இல்லாத இடமெல்லாம் படத்துக்காரர் புதிதாகச் சேர்த்தது' என்று பிள்ளைகளிடம் பெரிதாக விளக்கம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் அசடு வழிந்தேன். ஆகவே பிள்ளைகள் சுருக்கத்தையே படிக்கட்டும், ஆனால் நீங்கள் முழுசையும் ஒரு தடவை படித்துவிட்டு உட்காருங்கள். இல்லாவிட்டால் படத்தை, கதையைச் சுருக்கியவரோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், எழுதியவரோடு இல்லை. ஆங்கில மூலம் காப்புரிமை முடிந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

படம் போடுவதற்கு முன்னால் பிள்ளைகள் இரண்டு படம் வரைந்து கொடுத்துவிட வேண்டும். ஒன்று தீவின் வரைபடம். இந்தக் கதையே அப்படித்தான் பிறந்தது, 1881இல் ஸ்காட்லாந்தில் ஒரு மழைக்கால விடுமுறையில் மனைவியின் மகனோடு சேர்ந்து ஸ்டீவன்சன் ஒரு தீவை வரைந்து வண்ணம் தீட்ட, அந்த வரைபடத்திலிருந்து கதை கிளம்பியது. எங்கள் பிள்ளைகள் வரைந்த தீவுகளில் பாதி குருசடைத் தீவாகவும் முயல் தீவாகவும்தான் வந்தன, ஒருத்தன் தனுஷ்கோடி இடிந்த சர்ச்சையே புதையல் இடமாகக் குறித்துவிட்டான். இருக்கட்டும். இரண்டாவது படம், கொள்ளைக்காரர்களின் தலைவன் லாங் ஜான் சில்வர். எல்லோரும் மரக்கால் வைத்தே வரைவார்கள். புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள்: இடது கால் இடுப்புக்கு அருகே போய்விட்டது, மரக்கால் கிடையாது, கக்கத்தில் ஊன்றுகோல்தான், அதை வைத்துக்கொண்டு பறவை மாதிரித் தத்தித் தத்திப் போவான். முகத்தில் கொடுமையே தெரியாது, சிரித்த முகம். கொள்ளைக்காரன் என்றால் நம் மனசுக்குள் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்த படம் ஒன்று இருக்கிறது, எழுதியவர் தந்தது வேறு. படம் பார்த்த பிறகு அவரவர் வரைந்த சில்வர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, சில்வராக நடித்த ராபர்ட் நியூட்டன் முழித்த முழியும் இழுத்து இழுத்துப் பேசிய பேச்சும்தான் நிற்கும். அதனால் வரைந்ததை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை சும்மா. நிறுத்தக் கூடாது, விளக்கக் கூடாது. ஆங்கிலப் படம் ஆயிற்றே என்று நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அப்பாவே "விடுங்க சார், கதை தெரிஞ்ச பிள்ளைகதானே" என்றார். சரியான பேச்சு. அது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன, அப்பாமார்களும் வேட்டித் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கூப்பிடாமலே வந்த நல்ல ஆய்வாளர்கள். பாய் கட்டுவதையும் கயிறு இழுப்பதையும் பார்த்து அவர்கள் விட்ட கமென்டுகளை எழுதி வைத்திருந்தால் தனிக் கட்டுரை ஆகியிருக்கும்.

இரண்டாவது தடவை முழுப் படம் வேண்டாம், தேர்ந்தெடுத்த மூன்று நான்கு காட்சி போதும். அதற்கு முன்னால் ஒரு வகுத்தல் கணக்கு போடச் சொல்லுங்கள். படம் 96 நிமிடம், புத்தகம் 34 அத்தியாயம், ஓர் அத்தியாயத்துக்கு மூன்று நிமிடம்கூட வராது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு "ஏன் விட்டுட்டாங்க?" என்ற கேள்வியே அடங்கி, "எதை வைத்துக்கொண்டார்கள், விட்ட இடத்தை எப்படி ஒட்டினார்கள்?" என்று மாறும். நோட்டில் மூன்று பத்தி: விட்டது, சேர்த்தது, மாற்றியது. இதை எல்லா வாத்தியாரும் செய்வார்கள். நீங்கள் நான்காவதாக ஒன்று போடுங்கள்: 'அதனால் என்ன ஆச்சு?' வேலையெல்லாம் அந்தப் பத்தியில்தான். மற்ற மூன்றும் சாமான் பட்டியல்.

எடுத்துக்காட்டாக ஜிம்மின் அம்மா. படத்தில் அம்மா கண்ணிலேயே படுவதில்லை, 'விட்டது' பத்தியில் எல்லாப் பிள்ளையும் இதை எழுதிவிடும். அதனால் என்ன ஆச்சு என்று கேட்டால் முழிக்கும். புத்தகத்துக்குத் திரும்புங்கள். ஜிம் வீட்டார் நடத்தும் விடுதியில் தங்கியிருந்த பழைய மாலுமி பில்லி போன்ஸ் வாடகை பாக்கியோடு செத்துக் கிடக்கிறான், கொள்ளைக்காரர்கள் எந்த நேரமும் வருவார்கள், அம்மாவும் ஜிம்மும் அவன் பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே பல தேசத்து நாணயம். அம்மா தனக்குச் சேர வேண்டியதை மட்டும்தான் எடுப்பேன், ஒரு காசு கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறாள், அதுவும் அவளுக்குக் கணக்குத் தெரிந்த ஒரே நாணயத்தைத் தேடித் தேடி எண்ணுகிறாள். வெளியே சத்தம் கேட்கிறது. கணக்கு பாதியில் நிற்க, மீதிக்கு ஈடாக இருக்கட்டும் என்று ஜிம் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொள்கிறான். அந்தப் பொட்டலத்துக்குள்தான் வரைபடம்!

இதைப் படித்தபோது எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள், ஏனென்றால் கரையில் மீன் ஏலம் முடிந்து பத்து ரூபாய் குறைந்தால் நகராத அம்மாமார்களை அவர்கள் தினம் பார்க்கிறார்கள். சரி, படத்தில் அம்மா இல்லையே, வரைபடம் எப்படி ஜிம் கைக்கு வருகிறது? பில்லி போன்ஸே கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்கிறான். ஒரு ஆளை எடுத்ததால் ஒரு காரணமும் போய்விட்டது. புத்தகத்தில் ஜிம் கடலுக்குப் போவதற்குப் பின்னால் அம்மாவின் பிடிவாதமான நேர்மை இருக்கிறது, படத்தில் ஒரு கொள்ளைக்காரன் பையனை நம்பியது இருக்கிறது. படம் அதிலிருந்து கடைசிவரை கொள்ளைக்காரனுக்கும் பையனுக்கும் நடுவே உள்ள பாசக் கதையாகவே போகும். ஒரு காட்சியை இப்படிப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே முழுப் படமும் வரும், வலையை ஒரு மூலையில் பிடித்து இழுக்கிற மாதிரி.

அடுத்தது ஆப்பிள் பீப்பாய். 11ஆம் அத்தியாயம். பீப்பாய்க்குள் இறங்கிய ஜிம் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது சில்வர் வந்து அதன்மேல் சாய்ந்துகொண்டு பேசுகிறான். நமக்குக் குரல் மட்டும்தான், முகம் இல்லை, ஏனென்றால் ஜிம்முக்கு முகம் தெரியாது. சினிமாவுக்கு இது பெரிய தலைவலி, இருட்டை எவ்வளவு நேரம் காட்டுவது? காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கேமரா இப்போது பீப்பாய்க்கு உள்ளேயா, வெளியேயா? வெளியே போன நொடியில் ஜிம்முக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடுகிறது. 'கதையை யார் சொல்கிறார்கள்' என்று போர்டில் எழுதி விளக்குவதைவிட இது சீக்கிரம் ஏறுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது நங்கூரக் கயிறு அறுக்கும் இடம், 23ஆம் அத்தியாயம். ஆட்டுத்தோல் போர்த்திய சின்னப் பரிசலில் ஜிம் இரவில், கொள்ளைக்காரர்கள் கையில் இருக்கும் கப்பலை நெருங்குகிறான். நீர் வற்றி ஓடும் நேரம், கயிறு விறைத்து நிற்கிறது. விறைத்த கயிற்றை ஒரே வெட்டில் அறுத்தால் பரிசலோடு தூக்கி எறியப்படுவான். அதனால் காத்திருக்கிறான். காற்று கப்பலைத் தள்ளிக் கயிறு தளரும்போது ஒவ்வொரு புரியாக அறுத்து, இரண்டு புரி பாக்கி இருக்கையில் நிறுத்தி, மறுபடி தளரும்வரை படுத்திருந்து, அப்புறம்தான் முடிக்கிறான். இதை வாசித்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "எழுதினவருக்கு நீவாடு தெரியும் சார்" என்றான். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். பாலத்துக்கு அடியில் தண்ணீர் எப்படி இழுக்கும் என்று பார்த்து வளர்ந்தவன், தெர்மாகோல் மிதவையில் போய் அப்பாவின் படகில் ஏறுகிறவன், பரிசலையும் உடனே "நம்ம தெர்மாகோல்" என்று பெயர் மாற்றிவிட்டான். ஸ்டீவன்சன் வீட்டார் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர்கள் என்று நான் சொன்னதும் அவனுக்குப் பரம திருப்தி.

புத்தகத்தில் அதற்கப்புறம் பரிசல் இழுத்துப் போய், ஜிம் அதிலேயே தூங்கி, விடிந்தபின் அதை ஓட்டப் பழகுவதற்கே தனி அத்தியாயம். படம் இதைச் சுருக்கி, கயிற்றை அறுத்த கையோடு அவனைக் கப்பலுக்கு அனுப்பிவிடுகிறது. இங்கே என் கட்சி புத்தகம்தான், மறைக்கவில்லை. பிள்ளைகள் பாதிப்பேர் படத்தின் கட்சி, சண்டை சீக்கிரம் வருகிறதாம்.

முடிவை மட்டும் இரண்டு கோஷ்டியாகப் பிரித்துப் பேசவிடுங்கள். புத்தகத்தில் திரும்பும் வழியில் ஒரு துறைமுகத்தில் சில்வர் ஒரு பை காசோடு நழுவிவிடுகிறான், ஜிம் அங்கே இல்லை, விடைபெறுவதும் இல்லை. படத்தில் மணலில் தட்டிய படகை ஜிம்மே தள்ளிவிட்டு அனுப்புகிறான். எது நியாயம் என்று எங்கள் இடத்தில் ஒரு மணி நேரம் ஓடியது. அப்பாமார்கள் கவலை வேறு: ஒற்றைக் காலோடு தனி ஆளாகக் குடிதண்ணீர் இல்லாமல் அந்தப் படகில் எங்கே போய்ச் சேர்வான்?

நேரம் இருந்தால், இதே கதையை விண்வெளிக்குக் கொண்டுபோன 2002 டிஸ்னி கார்ட்டூனில் இருபது நிமிடம் போடுங்கள். கடல் கிடையாது, தீவு கிடையாது, சில்வர் பாதி இயந்திரம். இருந்தும் ஜிம்மும் சில்வரும் பழகுவது அப்படியே இருக்கும். அச்சு அசலாக எடுத்தால்தான் நல்ல படம் என்று பிடிவாதம் பிடிக்கிற பிள்ளைகளுக்கு அது போதும்.

கடைசியில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், இரண்டு விதிகளோடு: கதைச் சுருக்கம் கூடாது, 'புத்தகமே சிறந்தது' என்று தொடங்கக் கூடாது. ஒரே காட்சியை எடுத்துக்கொண்டு எழுத வேண்டும். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இப்படித் தொடங்கியிருந்தாள்: "அம்மா கணக்குப் பார்க்காமல் இருந்திருந்தால் ஜிம்முக்கு வரைபடம் கிடைத்திருக்காது. படத்தில் அம்மா இல்லை, அதனால் யாராவது கையில் கொடுத்துத்தான் ஆக வேண்டும்." அதற்கு மேல் எழுதவில்லை, மணி ஏழு ஆகிவிட்டது, அம்மா கூப்பிட்டார்கள் என்று ஓடிவிட்டாள். வரும் சனிக்கிழமை மீதி அரைப் பக்கம் கேட்டிருக்கிறேன்.