பாசிட்ரானின் ஆற்றல் எதிர்க்குறி கொண்டதா?

பாசிட்ரான் என்பது எலெக்ட்ரானின் எதிர்த்துகள், நேர்மின்னூட்டம் கொண்டது. சார்பியல் குவாண்டம் இயக்கவியலில் நுழையும் பலரும் வழுக்கும் இடம் இது. எலெக்ட்ரானைச் சார்பியலோடு சேர்த்து விவரிக்கும் டிராக் சமன்பாட்டைத் தீர்த்தால் எதிர்க்குறி ஆற்றல் வருகிறது. எதிர்ப்பொருளும் அதே அத்தியாயத்தில்தான் அறிமுகமாகிறது. உடனே பாசிட்ரானுக்கு எதிர்க்குறி ஆற்றல், எதிர்க்குறி நிறை என்று மனதில் பதிந்துவிடுகிறது. இரண்டுமே தவறு. பாசிட்ரானின் நிறை எலெக்ட்ரானின் நிறையேதான்; ஆற்றலும் நேர்க்குறிதான்.

அந்தக் கழித்தல் குறி எங்கிருந்து வருகிறது? சார்பியலில் உந்தமும் நிறையும் தருவது ஆற்றலின் வர்க்கத்தை. வர்க்கமூலம் எடுத்தால் இரண்டு விடை. பழைய இயக்கவியலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். குவாண்டத்தில் எலெக்ட்ரான் ஒளியை உமிழ்ந்துவிட்டு அந்தக் கீழ்நிலைகளுக்குத் தாவ வழி இருப்பதால், அப்படி ஒதுக்க முடியாது. அந்த நிலைகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன என்றார் டிராக். ஒரு நிலையில் ஒரு எலெக்ட்ரான்தான் இருக்க முடியும் என்பது பவுலியின் தவிர்ப்பு விதி; அதனால் புதிதாக எதுவும் அங்கே விழ முடியாது. அதிலிருந்து ஒரு எலெக்ட்ரானை எடுத்தால் விழும் ஓட்டைதான் எதிர்த்துகள். கடன் கழிந்தால் கையிருப்பு கூடுமே, அதுபோல எதிர்க்குறி ஆற்றல் ஒன்று குறைந்தால் மொத்த ஆற்றல் கூடுகிறது. ஆக, எதிர்க்குறி அந்த நிலைக்கு உரியது, ஓட்டைக்கு அல்ல. இதை நிதானமாக ஒருமுறை தாளில் எழுதிப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

டிராக்கே முதலில் அந்த ஓட்டையைப் புரோட்டான் என்று கருதினார். ஓட்டையின் நிறை எலெக்ட்ரானின் நிறைக்குச் சமமாக இருக்க வேண்டுமே, புரோட்டான் மிகக் கனமாயிற்றே என்ற சிக்கல் வந்த பிறகு, 1931இல் அது புதிய துகள் என்றார். 1932இல் ஆண்டர்சனின் முகிலறையில் (மின்னூட்டத் துகள்களின் பாதையைக் காட்டும் கருவி) பாசிட்ரான் தடம் பதித்தது.

சரி, அப்படியானால் வெற்றிடத்தில் உண்மையிலேயே ஒரு எலெக்ட்ரான் கடல் இருக்கிறதா? அப்படி எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. பவுலியின் தவிர்ப்பு விதி போசான்களுக்குப் பொருந்தாது; ஒரே நிலையில் அவை எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். அவற்றை வைத்துக் கடலை நிரப்பவே முடியாது. ஆனாலும் போசான் வகையைச் சேர்ந்த நேர்மின் பையானுக்கு எதிர்மின் பையான் எதிர்த்துகளாக இருக்கிறது. 1934இல் பவுலியும் வைஸ்கோப்பும் கடல் இல்லாமலே போசான்களுக்கும் எதிர்த்துகள் இருக்க முடியும் என்று காட்டினார்கள். துகள்களைப் புலத்தின் அதிர்வுகளாகப் பார்க்கும் புலக் கோட்பாட்டில், எதிர்க்குறி அதிர்வெண் கொண்ட பகுதி எதிர்த்துகளை உருவாக்கும் கணிதச் செயலியோடு சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான்.

பாசிட்ரானைக் ‘காலத்தில் பின்னோக்கிச் செல்லும் எலெக்ட்ரான்’ என்பதும் கணக்கை எளிதாக்கும் ஒரு வாசிப்பு. ஆய்வகத்தில் பாசிட்ரான் நம்மைப் போலவே முன்னோக்கித்தான் போகிறது.

அப்புறம், மின்னூட்டம் மாறினால் மட்டுமே எதிர்த்துகள் என்று நினைக்க வேண்டாம். நியூட்ரானுக்கு மின்னூட்டமே இல்லை. ஆனாலும் எதிர்நியூட்ரான் வேறு துகள், நியூட்ரானுக்குள் இருக்கும் குவார்க்குகளுக்குப் பதில் அதனுள் இருப்பவை எதிர்க்குவார்க்குகள்.